கடலுக்கு முதுகு காட்டியவர்கள்

எங்கள் குப்பம் சென்னைக்குள் இருப்பதாக ரேஷன் கார்டில் போட்டிருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற ரோட்டில் டிரெய்லர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் ஒரு சந்து பார்த்துக் கடல் பக்கம் இறங்கினால் நாங்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பட்டணம், இந்தப் பக்கம் ஊர். எங்களுக்கென்று ஓர் அம்மன், எங்களுக்கென்று ஒரு பஞ்சாயத்து, எங்களுக்கென்று ஒரு வீம்பு. இந்த மூன்றாவது கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

கரை நெடுகக் கருங்கல் கொட்டிவிட்டார்கள். மணல் என்று மிச்சமிருப்பது அம்மன் கோயிலுக்கு நேரே ஒரு துண்டுதான். போட்டை ஏற்றுவது, வலையைக் காயப்போடுவது, பிள்ளைகள் பந்தாடுவது, அம்மனைக் கடலாட அழைத்துப் போவது எல்லாம் அந்தத் துண்டில்தான். அதனால் அந்த மணலில் வேற்றாள் கால் வைத்தால் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது.

என் புருஷன் கடலுக்குப் போய் வராமல்போன பிறகு வீட்டின் பின்னறையை வாடகைக்கு விட்டேன். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றாலும் தனி வீட்டில் படுத்தெழுந்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. வந்தவர்கள் பீகார் பக்கத்துப் புருஷன் பெண்சாதி. அவன் கண்டெய்னர் யார்டில் வேலை செய்தான். அவளுக்கு இருபதைத் தாண்டியிருந்தால் அதிகம். இந்திக்காரனுக்கு வீடு கொடுத்துவிட்டாள் என்று ஊர் என் காதுபடவே பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பேசட்டும் என்று விட்டேன்.

அவள் தமிழ் கற்றது என்னிடமும் தண்ணீர்க் குழாயடியிலும்தான். வந்த ஆறு மாதத்தில் 'அக்கா, தண்ணி கீதா?' என்று கேட்டாள் பாருங்கள், சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மீனைக் கண்டால் முதலில் மூக்கைப் பொத்துவாள். பிறகு நெத்திலியை என்னைவிட வேகமாக ஆய்ந்தாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது மூன்றாம் மாதம் வரைக்கும் குளிப்பாட்டியது நான். அந்தக் குழந்தைக்கு ஒரு வயது இருக்கும்போது காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டது. கண் செருகி, பல் கிட்டி, உடம்பு விறைத்துப் போயிற்று. ஆட்டோவில் போகும்போது அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். குழந்தை பிழைத்து வீடு திரும்பிய பிறகுதான் சொன்னாள், சூரியனுக்கும், பிள்ளைகளைக் காக்கிற அவர்கள் ஊர்ச் சாமி சட்டி மாதாவுக்கும் வேண்டிக்கொண்டாளாம். வருஷா வருஷம் விரதம் எடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறாளாம்.

சட் பூஜை என்று அதற்குப் பெயர். தீபாவளி கழிந்த வாரத்தில் வரும். ஒரு ராத்திரி சாப்பிட்டால் பிறகு தொண்டையில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. மறுநாள் சாயங்காலம் தண்ணீரில் நின்று இறங்குகிற சூரியனுக்குப் படைக்க வேண்டும். அதற்கும் மறுநாள் விடிகாலையில் அதே போல நின்று ஏறுகிற சூரியனுக்குப் படைக்க வேண்டும். சாயங்காலம் பாதி, காலை பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் வேண்டுதல் முடிந்த கணக்கு. பிள்ளைகள் நன்றாயிருக்க எடுக்கிற விரதம் அது. பாதியில் விட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று அவள் பயந்தாள்.

முதல் வருஷம் அவர்கள் எங்கள் மணலுக்கு வந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. எர்ணாவூர், மணலிப் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்க்கிற குடும்பங்கள் ஒரு குட்டி யானை வண்டியில் கரும்பைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கின. பெண்கள் மூக்கு நுனியிலிருந்து வகிடு வரைக்கும் ஆரஞ்சுக் கலரில் குங்குமம் இழுத்திருந்தார்கள். கையில் முறம். முறத்தில் தேங்காய், வாழைப்பழம், முள்ளங்கி, இலையோடு மஞ்சள் கொத்து, கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து நெய்யில் பொரித்த ஒரு பண்டம். எங்கள் ஊரில் முறத்தை எடுத்தால் அரிசி புடைக்க, இல்லாவிட்டால் ஒருத்தனை அடிக்க. அதில் சாமிக்குப் படைப்பதா என்று கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். அதுவரைக்கும் ஊர் பொறுத்தது. பிறகு எல்லோருமாகத் திரும்பினார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கை கூப்பினார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருத்தர் தன்னைத்தான் கும்பிடுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பக் கும்பிட்டார். அவர்கள் கும்பிட்டது எங்கள் தலைக்குப் பின்னால், டிரெய்லர் வண்டிகளுக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த சூரியனை. கிழக்குக் கடற்கரையில் சாயங்காலச் சூரியன் வேறெங்கே இருக்கும்?

ஆனால் கடலுக்கு முதுகு காட்டுவது எங்களுக்கு ஆகவே ஆகாது. நடை பழகும்போதே பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தருவோம். கால் நனைக்கப் போனாலும் கடலைப் பார்த்தபடியே பின்னால் நடந்து கரையேறுவோம். ஏன் என்று பிள்ளை கேட்டால் கடலம்மா கோவிச்சிப்பா என்போம். என் அம்மா எனக்குச் சொன்னாள், நான் யார் யார் பிள்ளைக்கோ சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அந்த வாரமே வாடைக் காற்று முற்றி, எங்கள் போட் ஒன்று கவிழ்ந்தது. ஆட்கள் நீந்தி வந்துவிட்டார்கள், எஞ்சின் போயிற்று. ஐப்பசி வாடையில் போட் கவிழ்வது புதிதா என்ன? ஆனால் அந்த வருஷம் மட்டும் காரணம் கையிலேயே இருந்தது. கடலம்மாவுக்கு முதுகு காட்டினார்கள், அவள் திருப்பிக் காட்டினாள் என்றார்கள். வலையில் கரும்புத் தோகையும் வாழை மட்டையும் சிக்கியதையும் சேர்த்துக்கொண்டார்கள். கோயில் வாசலில் கூட்டம் போட்டு, இனி அந்த ஜனங்கள் நம் மணலில் இறங்கக்கூடாது என்று தீர்த்தார்கள்.

அப்படித் தீர்த்தவர் என் மூத்தார், என் புருஷனுக்கு அண்ணன். அவர்தான் ஊர்த் தலைவர். நல்ல மனுஷன்தான். தம்பி போன பிறகு என் வீட்டு வாசலில் மீன் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவர். ஆனால் ஊர் வாக்கு என்று வந்துவிட்டால் கல்லுதான்.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு முன்பே அவள் என்னிடம் கேட்டாள். அந்த மணலில் ஓர் ஓரமாக நின்றுகொள்கிறேன், குப்பை எதுவும் போடமாட்டோம், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவோம், உங்கள் மாமாவிடம் சொல்லக்கூடாதா என்று. கடலைப் பார்த்து நின்று கும்பிட்டுவிட்டுப் போயேன், எல்லோருக்கும் நிம்மதி என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"சூரியன் அங்க கீதே அக்கா" என்று மேற்கே கைகாட்டினாள்.

மூத்தாரிடம் போனேன். குழந்தைக்காக எடுத்த வேண்டுதல், வயிற்றில் தண்ணீர்கூட இல்லாமல் நிற்கப் போகிறாள், ஒரு நாழிகை இடம் கொடுத்தால் நம் மணல் தேய்ந்தா போகும் என்று கேட்டேன். அவர் வலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நம்ம வூட்டு ஆம்பளய இந்தக் கடலு இட்டுகினு போச்சு. நீயே வந்து கேக்குறியேம்மா?"

எனக்கு வந்ததே கோபம். "அவரு இன்னா முதுகு காட்டிகினா போனாரு மாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் வாக்கு மாறவில்லை. வேறெங்காவது போகச் சொல் என்று எழுந்து போய்விட்டார்.

வேறெங்காவது என்றால் எங்கே? எங்கள் மணலுக்கு வடக்கே, கருங்கல் அணை முடிகிற இடத்தில் கொஞ்சம் சரிவு உண்டு. கல் கொட்டிய பிறகு அதன் பக்கத்தில் கடல் தோண்டித் தோண்டிப் பள்ளம் விழுந்திருந்தது. எங்கள் பிள்ளைகளை அங்கே அண்டவிடமாட்டோம். அந்த இடம் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை என்பதால் அவர்கள் அங்கே போனார்கள். அங்கே முதுகு காட்டினால் அம்மா சும்மா விடமாட்டாள் என்று எங்கள் பெண்கள் சொல்லியனுப்பினார்கள். அதை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? நம் சாமியை இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அலை பின்னாலிருந்து அடிக்கும், கால் வைக்கிற இடத்தில் குழி இருக்கிறது என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர், மனுஷப் பேச்சில் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக அதை அம்மாவின் கோபம் என்றே சொல்லிப் பழகி, அது அலையைப் பற்றிய பேச்சு என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கல்மேல் நின்றேன். அவள் முறத்தோடு மற்றப் பெண்களுக்குப் பக்கத்தில் தண்ணீரில் நின்றாள். பட்டினியில் உதடு வெளுத்திருந்தாலும் முகம் நிறைந்துதான் இருந்தது. அவள் புருஷன் முறத்தின்மேல் பால் ஊற்றினான். எல்லோரும் மேற்கே பார்த்து நின்றார்கள். நான் ஒருத்திதான் கிழக்கே பார்த்து நின்றேன். அதனால் நான் ஒருத்திதான் பார்த்தேன். வாடைக் கடலில் சும்மா நாலு அலை வரும், ஐந்தாவது மதில் மாதிரி எழும். அது எழுந்ததைப் பார்த்து அலை, அலை என்று கத்தினேன். மற்றவர்களுக்கு நான் சொன்னது புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. கண்ணைத் திறந்தாள். ஆனால் பின்னால் திரும்பவில்லை, என்னைப் பார்த்தாள். குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். நான் கத்தினால் அவள் வேறு எதை நினைப்பாள்?

அலை எல்லோரையும் கவிழ்த்துப் போட்டது. ஒவ்வொருத்தராக இருமிக்கொண்டு எழுந்தார்கள். அவள் எழவில்லை.

என் சத்தம் கேட்டு ஊர் ஓடிவந்தது. முதலில் குதித்தது என் மூத்தார். அந்த வயதில், கல்லிலிருந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல். அவருக்குப் பின்னால் எங்கள் பையன்கள் அத்தனை பேரும் குதித்தார்கள். இரண்டு போட்டை இறக்கினார்கள். இருட்டுகிற வரைக்கும் முழுகி முழுகிப் பார்த்தார்கள். கிடைத்தது அவள் முறம்தான், ஓரம் கிழிந்து. அதை வாங்கி வைத்துக்கொண்டு அவள் புருஷன் கல்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவர்கள் பெண்களை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். டீ போட்டுக் கொடுத்தால் யாரும் தொடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. காலைப் பாதி இன்னும் பாக்கி இருந்தது. குழந்தை அம்மாவைக் கேட்டு அழுது, அழுது, என் மேலேயே தூங்கிப்போயிற்று. அந்தச் சுமையை நான் இன்றைக்கும் தோளில் உணர்கிறேன்.

விடிவதற்கு முன்னால் அவன் எழுந்து மூத்தார் வீட்டு வாசலுக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். அவனுக்குத் தமிழ் அரைகுறை. பெண்சாதி பாதி முடித்துவிட்டாள், மீதியை நான் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தைக்கு ஆகாது, உங்கள் மணலில் நிற்கட்டுமா என்று கேட்டான். பக்கத்திலிருந்த ஒருத்தர், செத்த வீட்டுத் தீட்டோடு எப்படியப்பா சாமி காரியம் செய்வாய் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் முறைப்படி சொன்னார்.

மூத்தார் அவரை நிறுத்தினார்.

"கரைக்கு வராதவங்க எப்பிடிடா செத்தவங்க ஆவாங்க? நம்ம வழக்கம் இன்னா? ஒடம்பு வர்ற வரைக்கும் தீட்டு கெடையாது. நீ வாப்பா. உன் வேலைய முடி."

எங்கள் ஊரில் கடலுக்குப் போனவன் உடம்பு கரையேறும் வரைக்கும் அவன் செத்தவன் இல்லை. பெண்சாதி பொட்டை அழிக்கமாட்டாள், வீட்டில் சாவு மேளம் கேட்காது. என் புருஷனின் உடம்பு வரவேயில்லை. எத்தனையோ வருஷம் நான் பூ வைத்துக்கொண்டு மீன் விற்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் என்னைக் கேலியாகப் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. அந்த மரியாதையைத்தான் மூத்தார் அவளுக்கும் கொடுத்தார். ஒரு நாள் முன்னால் அந்த மணலைக் கொடுத்திருக்கலாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, எங்கள் ஊருக்கென்றே சொன்னது போல இருந்தது.

கிழிந்த முறத்தில் எப்படிப் படைப்பான்? மகள் வளைகாப்புக்கு வாங்கி வைத்திருந்த புது முறத்தை ஒருத்தி கொண்டுவந்து நீட்டினாள். யாரோ வாழைப்பழம் கொண்டுவந்தார்கள். யாரோ மணலைக் கூட்டினார்கள். அவன் முறத்தோடு தண்ணீரில் இறங்க, அந்தப் பெண்களும் இறங்கினார்கள். யாரும் சொல்லாமலே எங்கள் ஆண்கள் அவர்களைத் தாண்டிப் போய், மார்பளவுத் தண்ணீரில் கைகோத்து நின்றார்கள். வந்த அலையெல்லாம் முதலில் அவர்கள்மேல் அடித்தது. சூரியன் கடலிலிருந்து ஏறியது. அவன் பால் ஊற்றவில்லை, அழுதுகொண்டே தண்ணீரை அள்ளி விட்டான். முடித்துவிட்டுக் கரைக்கு வந்து குழந்தை வாயில் அந்த நெய்ப்பண்டத்தைப் பிட்டுப் போட்டான். அது பசியில் நன்றாகத் தின்றது.

அன்று முழுக்க மூத்தார் அந்த மணலிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். வாடையில் நீரோட்டம் வடக்கேயிருந்து தெற்கே இழுக்கும். சாயங்காலம் அவள் வந்தாள். அவள் ஒதுங்கிக் கிடந்தது எங்கள் மணலில். ஓர் ஓரமாக நின்றுகொள்கிறேன் என்று கேட்டாளே, அதே இடத்தில், ஓரமாகத்தான் கிடந்தாள். மூத்தார் தன் துண்டை அவிழ்த்து அவள்மேல் போர்த்திவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தம்பிக்குக்கூட அவர் அப்படி அழுததை நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணுக்குச் செய்வதுபோல எல்லாம் செய்தோம். செய்து என்ன?

அவன் குழந்தையைக் கொண்டுபோய்த் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினான். பின்னறையைக் காலி செய்யவில்லை. அடுத்த வருஷம் அந்த ஜனங்கள் வருவார்களா என்று எனக்குச் சந்தேகம். வந்தார்கள். ரோட்டோரத்திலேயே தயங்கி நின்றார்கள். மூத்தார் எழுந்து போய்க் கரும்புக் கட்டு ஒன்றை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு மணலுக்கு நடந்தார். அவர்களும் பின்னால் வந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அவர்கள் கடலுக்கு முதுகு காட்டி நிற்பார்கள். எங்கள் ஆண்கள் அவர்களுக்குப் பின்னால், கடலைப் பார்த்து வரிசையாக நிற்பார்கள். போட் கவிழ்கிற வருஷம் கவிழத்தான் செய்கிறது. இப்போது யாரும் அதற்குக் காரணம் சொல்வதில்லை. இந்த ஜனங்களில் சிலர் எங்கள் ஆடிக் கூழுக்கும் வருகிறார்கள், வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நன்றாகக் குடிக்கிறார்கள். எங்கள் பெண்கள் அந்த நெய்ப்பண்டத்தைக் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கிறது. எனக்குத்தான் ஒவ்வொரு வருஷமும் அந்த வாரம் வந்தால் சோறு இறங்காது.

இந்த வருஷம் அவன் குழந்தையை அழைத்து வந்தான். குழந்தை என்ன, ஸ்கூல் போகிற பெண்ணாகிவிட்டாள். அச்சு அசல் அம்மா முகம். எங்கள் பேச்சு முழுக்க மறந்துவிட்டது. என்னையும் அடையாளம் தெரியவில்லை. கையைப் பிடித்தேன், கூச்சப்பட்டாலும் இழுத்துக்கொள்ளவில்லை. அம்மா காய்ச்சலில் போனாள் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்களாம். பெரியவளானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று அவன் கெஞ்சுகிற மாதிரி என்னிடம் சொன்னான்.

சாயங்காலம் அவன் முறத்தோடு இறங்கினான். அவள் முழங்கால் தண்ணீரில் என்னோடு நின்றாள். மேற்கே பார்த்துக் கும்பிட்டவள், நடுவில் திரும்பிப் பின்னால் நின்ற எங்கள் ஆண்களைப் பார்த்தாள். மூத்தார் இப்போது மூட்டுவலியோடுதான் நடக்கிறார். வேண்டாமென்றாலும் கேட்காமல் கடைசி வரிசையில் நிற்கிறார். அவள் அப்பாவிடம் இந்தியில் ஏதோ கேட்டாள். அவன் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என்ன கேட்கிறாள் என்று நான் கேட்டேன்.

"இவங்கல்லாம் கடல்ல இன்னா தேடறாங்கன்னு கேக்குது அக்கா" என்றான்.

மூத்தாருக்கு அது காதில் விழுந்தது. அவர் திரும்பவில்லை.

"எதையும் தேடலன்னு சொல்லுப்பா. அலைய பாத்துகினு கீறோம்னு சொல்லு."

அவன் மகளிடம் அதை இந்தியில் சொன்னான். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, மேற்கே திரும்பிக் கை கூப்பிக்கொண்டாள்.